பாராபுல்லா பாலத்தில் மூச்சு வாங்கிய வண்டி

இந்தக் காலத்து டெல்லி ஏசி பஸ்ஸில் ஜன்னல் திறக்காது. நரேலாவில் ஏறி உட்கார்ந்தால் இறங்கும்வரை அவர்கள் விடுகிற காற்றைத்தான் மூக்கில் இழுக்க வேண்டும். நேற்றுக் காலை வேலைக்குப் போகும்போது ஆசாத்பூர் தாண்டியதும் பஸ் அசையாமல் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பழைய டீசல் பிக்கப், முட்டைக்கோசு மூட்டைகளோடு சாலைக்குக் குறுக்கே கிடந்தது. அதன் டிரைவர் சாவியைத் திருகத் திருக வண்டி இருமியது, எழுந்திருக்கவில்லை. யாரோ இறங்குவதற்காக பஸ் கதவைத் திறந்தபோது பச்சை டீசல் வாசனை குப்பென்று உள்ளே வந்தது. நான் என்னை அறியாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "டீசல் வரல, காத்து புடிச்சிருக்கு. சும்மா சும்மா செல்ஃப் அடிக்காதடா, பேட்டரியும் போயிடும்."

பக்கத்தில் காதில் எதையோ சொருகிக்கொண்டிருந்த பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். புரியாத பாஷையில் யாரையோ திட்டுகிற பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அவளுக்கு எப்படித் தெரியும், இந்த மாதிரி ஒரு வண்டியோடு நான் குடும்பமே நடத்தியவள் என்று!

எங்களுடையது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்ல மாட்டேன். தப்பு கம்பெனி மேல் இல்லை, பாவம். எங்களுக்கு முன்பே இரண்டு பேரிடம் உழைத்துத் தேய்ந்து வந்த வண்டி அது. ஜங்புரா பக்கம் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் எங்கள் சந்துக்குள் சைக்கிளே நெளிந்துதான் வரும் என்பதால் வண்டி நாலா ஓரத்தில், அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயின் கரையில், நிற்கும். வீட்டில் இரண்டு கிரைண்டர். அரைக்கிற இட்லி மாவை டிரம்களில் ஏற்றி விடிந்ததும் ஐ.என்.ஏ. மார்க்கெட் கடைகளுக்கும், அங்கிருந்து ஆர்.கே.புரத்தில் இரண்டு மெஸ்ஸுக்கும் போடுவோம். என் வீட்டுக்காரர் கதிர்வேல் ஓட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டிரம் மூடிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவேன். என் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அவர் இறங்கிச் சுற்றி வந்து திறந்தால்தான் எனக்கு விடுதலை. 'ராணி மாதிரி இறக்கி விடுறேன்' என்பார். சரிபண்ணச் சோம்பேறித்தனம் என்பதற்கு அவர் வைத்த பெயர் அது.

அதற்கு முன் நான் ஜங்புராவில் கோட்டியில் வேலை செய்துகொண்டிருந்தேன். கோட்டி என்றால் பங்களா வீடு. கேம்ப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். அந்த மேடம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டு சமையலறையில் ஜன்னல் என்று இருந்தது கையகல ஓட்டைதான். சிங்க்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில், திரும்பினால் முழங்கை இடிக்கிற இடத்தில் நின்று வருஷக்கணக்காகப் பாத்திரம் தேய்த்தேன். எனக்கு ஒரு பெயர் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. மாவு வியாபாரம் பிடித்துக்கொண்டபோது, இனி அந்த சிங்க் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். வண்டி ஓடினால் நான் வெளியே. வண்டி நின்றால் திரும்ப அந்த மூலை. கணக்கு அவ்வளவுதான்.

போதாததற்கு டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வயதுதான் ஆயுள். எங்கள் வண்டிக்கு இன்னும் ஒரு குளிர்காலம் பாக்கி இருந்தது. அதுவரை கடைகளைப் பிடித்து வைத்திருந்தால் லோன் போட்டு சிஎன்ஜி வண்டி வாங்கிவிடலாம் என்பது எங்கள் திட்டம். திட்டம் போடுவதில் நாங்கள் இருவரும் கெட்டிக்காரர்கள்.

அந்தக் கோடையில்தான் வண்டிக்கு நோய் வந்தது. கேம்ப்பில் கிளம்பும்போது நன்றாக இருக்கும். பாராபுல்லா மேம்பாலம் ஏறினதும் இழுவை குறையும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மிதித்த மரியாதைக்கு ஒரு முனகல் வரும். அப்புறம் டக்கென்று உயிர் போய்விடும். பாலத்தில் நிழல் கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. பின்னால் வருகிறவன் எல்லாம் ஹார்னிலேயே நம் அம்மாவை விசாரிப்பான். இதில் கொடுமை, அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே எங்கள் கேம்ப் தெரியும். நீலத் தார்ப்பாய் போட்ட எங்கள் வீட்டுக் கூரையே தெரியும். வீட்டைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போக முடியாமல், கதவு திறக்காத வண்டிக்குள் வெந்துகொண்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் மாவு பொங்கும். டெல்லி வெயிலில் மாவுக்குப் பொறுமை கிடையாது. மூடியைத் தள்ளிக்கொண்டு எழும்பி, டிரம்மின் பக்கவாட்டில் வழியும். அந்தப் புளித்த வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் நான் மூடியை அழுத்தத் திரும்பிப் பார்ப்பேன்.

"லோடு வண்டிக்கு நோ என்ட்ரி டைம் வந்துடும்ங்க. போலீஸ்காரன் புடிச்சான்னா வண்டியே போயிடும்."

"நான் இன்னா பண்ண சொல்ற? எறங்கி தள்ளவா?"

"கதவயாவது தொறந்து வுடுங்க, மூச்சு முட்டுது."

"எனக்கும்தான் முட்டுது. நீ பேசாம இரு மொதல்ல."

நான் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. சண்டை நன்றாகச் சூடு பிடித்து, அவர் அம்மா, என் அண்ணன், கல்யாணத்தில் போடாத மோதிரம் எல்லாம் வந்து போய், இருவரும் ஓய்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்க்கும்போது அவர் வெறுப்பில் சாவியைத் திருகுவார். வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

ஐ.என்.ஏ.யில் மளிகைக் கடை அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். ஒரு விரலில் மாவைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "எம்மா, பல்லு கூசுதுல்லா. கஸ்டமர் எங்கிட்டல்லா கேக்காவ. இன்னும் ஒரு தடவ இப்படி வந்துதுன்னா நான் பாக்கெட் மாவு எறக்கிருவேன், சங்கடப்படக் கூடாது, என்ன?" அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அமைதியாகச் சொன்னதால் வழி முழுக்க அந்த மேடத்தின் சிங்க்தான் கண்ணுக்குள் நின்றது.

ஜங்புராவை ஒட்டிய போகல் பக்கம் சோனு என்றொரு மெக்கானிக் இருந்தான். அவனிடம் கொண்டுபோனால் வண்டி முதல் திருகலிலேயே சிரித்துக்கொண்டு ஓடும். வீட்டில் அனலாய்க் கொதித்த பிள்ளை டாக்டரைப் பார்த்ததும் ஓடியாடி விளையாடுமே, அந்தக் கதைதான். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பாபி, பிரஷர் கம் ஹே" என்பான். பாபி என்றால் அண்ணி, என்னைத்தான். என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலில் அழுத்தம் இல்லை. அது மெஷினுக்குத் தெரிகிறது. ஏன் இல்லை என்று அதற்குத் தெரியவில்லை. முதலில் ஃபில்டர் மாற்றினான். அடுத்த நாளே பாலத்தில் நின்றோம். இன்ஜெக்டர்களைக் கழற்றி காஷ்மீரி கேட் பட்டறைக்கு டெஸ்டுக்கு அனுப்பினான். நான்கும் நல்லவை என்று சீட்டோடு திரும்பி வந்தன. நின்றோம். பம்ப்பைப் பார்த்தான், சென்சார் மாற்றினான், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டான். நின்றோம். ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் ஒரே தீர்ப்புதான் சொன்னார்: "நான் அப்பவே சொல்லல? பங்க்ல கெரசின் கலக்குறானுங்க."

இது அவருடைய மதம். எந்த பங்க்கையும் நம்ப மாட்டார். அதற்காக என்ன செய்வார் தெரியுமா? டேங்க் வாயில் இட்லித் துணியைச் செருகி, குழிவாக்கி, அதன் வழியாகத்தான் டீசல் போடச் சொல்வார். பங்க் பையன்கள் சிரிப்பார்கள். "சிரிக்கட்டும். சாய வடிகட்டுற இல்ல? ரசத்த வடிகட்டுற இல்ல?" என்பார். போட்டு முடித்ததும் துணியை எடுக்க மாட்டார். ராத்திரி டியூப் விட்டு டீசல் உறிஞ்சுகிறவர்கள் கேம்ப் பக்கம் நிறைய, அவர்களுக்கு அது தடை என்று விட்டுவைப்பார். வண்டிக்கு நோய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் மூடியைத் திறந்தால் துணியைக் காணோம். "டீசலோட துணியையும் தூக்கினு போயிட்டான் பாரு, எச்சக்கல!" என்று நாலாக்கரையே கேட்கக் கத்திவிட்டு, என்னிடமிருந்து வேறொரு துணி வாங்கிச் செருகினார்.

எதுவும் வேலைக்கு ஆகாமல் போகவே சோனு ஒருநாள் வேறு வழி பிடித்தான். டேங்க்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி என் மடியில் வைத்தான். கேனிலிருந்து ஒரு குழாய் ஜன்னல் வழியாக பானெட்டுக்குள் போனது. "பாபி, கஸ்கே பகட்னா", இறுக்கிப் பிடி என்று சொல்லிவிட்டுப் பின்னால் டிரம்களுக்கு நடுவே ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி அந்தக் கேனைக் கட்டிக்கொண்டேன். ஒரு பொறி பட்டால் நானும் சேர்ந்து இன்ஜெக்ட் ஆகிவிடுவேன் என்பது அப்போது தோன்றவில்லை.

வண்டி பாலம் ஏறியது. வழக்கமாக முனகுகிற இடம் வந்தது; முனகவில்லை. எங்கள் நீலத் தார்ப்பாய் கீழே வந்தது; கடந்தும் போய்விட்டது. ஐ.என்.ஏ.யில் இறங்கும்வரை நான் கேனை விடவில்லை. சந்தோஷத்தை விட பயம்தான் அதிகம் இருந்தது.

"என்ஜின் டீக் ஹே. டேங்க் கோல்னா படேகா" என்றான் சோனு. நோய் என்ஜினில் இல்லை, வயிற்றில். அன்று மத்தியானமே டேங்க்கை இறக்கி, அடியில் கையை விட்டுத் துழாவினான். கருப்பாக, வழவழவென்று ஒன்று வந்தது. முதலில் செத்த எலி என்று நினைத்து இரண்டடி பின்னால் போனேன். அவன் அதைப் பிழிந்து விரித்தான். ஓரத்தில் என் கையால் நீல நூலில் போட்ட தையல்.

டேங்க்குக்குள் விழுந்த துணி, ஓடும்போது உறிஞ்சுகிற வேகத்தில் போய்க் குழாய் வாயில் அப்பிக்கொள்ளும். வண்டி நின்றால் பிடி விட்டு, மெல்ல விலகி மிதக்கும். நாங்கள் சண்டை போட்டு முடிக்கிற நேரம் அதற்குச் சரியாக இருந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் புரட்டினார். "நம்ம துணி மாதிரி இருக்குது" என்றார்.

"மாதிரி இல்ல. நம்பளதேதான்."

"அப்ப பங்க்காரன் கெரசின் கலக்கலியா?" என்று கேட்டார் பாருங்கள், அதற்குத்தான் நான் சோனு கடை வாசலில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வண்டி ஓடியது ஓட்டம்! பனிமூட்டத்தில்கூட அரைத் திருகலில் கிளம்பும். அண்ணாச்சி கடை தப்பியது. கூட இன்னொரு கடையும் கிடைத்தது. ஆனால் ஊர் எங்களைக் கேட்டா முடிவு பண்ணுகிறது? வண்டிக்குப் பத்து வயது முடிந்ததும், கேம்ப் இடிபட்டதும் அடுத்தடுத்து வந்தன. அதற்கு ஈடாக எங்களுக்கு ஊர்க்கோடி நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. கிடைக்காதவர்களை நினைத்தால் அதைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் நரேலாவில் அரைத்த மாவு ஐ.என்.ஏ. போய்ச் சேர்வதற்குள் கள்ளாகிவிடும். லோன் கேட்கப் போன இடத்தில் வியாபாரம் எங்கே நடக்கிறது என்று கேட்டார்கள். கிரைண்டர்களை விற்றோம்.

வண்டியைக் காயலான் கடைக்கு நாங்களே ஓட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்தவன் சாவியைக் கேட்டான். "ஒரு தபா சவுண்ட கேட்டுக்க பையா, இன்ஜின் மட்டும் எப்டி இருக்குதுன்னு" என்று இவர் பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் சொல்லி, ஆக்ஸிலேட்டரை மிதித்துக் காட்டினார். "பந்த் கரோ", நிறுத்து என்றான் அவன். இவர் இன்னொரு முறை மிதித்தார். அப்புறம் அணைத்துவிட்டு, சுற்றி வந்து எனக்குக் கதவைத் திறந்தார்.

திரும்பும்போது மெட்ரோ. கூட்டம் நெரித்த நெரிசலில் நான் பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டேன், அவர் பின்னால் எங்கேயோ. இத்தனை வருஷத்தில் அவர் தோள் இடிக்காமல் நான் போன முதல் சவாரி அதுதான். இப்போது அவர் நரேலாவில் ஸ்கூலுக்கு பேட்டரி வண்டி ஓட்டுகிறார். சத்தமே வராத வண்டி. நான் கிளம்பும்போது அவர் எழுந்திருக்க மாட்டார். நான் வரும்போது அலுத்து அசந்திருப்பார். உட்கார்ந்து சண்டை போடக்கூட எங்களுக்கு ஓர் இடம் இல்லாமல் போய்விட்டது.

வண்டியை விட்ட அந்த வாரமே ஜங்புராவில் பழைய மேடம் வீட்டு மணியை அடித்தேன். மேடம் கதவைத் திறந்தார். கொஞ்சம் தலை நரைத்திருந்தது. "ஆ கயீ?", வந்துட்டியா என்று கேட்டுவிட்டு, முந்தாநாள் லீவு போட்டுப் போனவள் திரும்பி வந்த மாதிரி, உள்ளே போக வழிவிட்டார்.