ராத்திரி தங்காத சரக்கு

என் வீட்டுக்காரருக்கு ஆட்டம் இல்லாத சந்தை பிடிக்காது. தோவாளை பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்தவர். விடியுமுன் கிலோ முந்நூறு ரூபாய்க்கு வந்து இறங்கிய பிச்சிப்பூ, களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகிற வண்டிக்காரர்கள் வந்து நின்றதும் ஆயிரத்தைத் தொடும். முகூர்த்தம் இல்லாத நாளென்றால் வெயில் ஏறுவதற்குள் நூறு ரூபாய்க்கும் ஆள் இருக்காது. அந்தக் கூச்சலில் தொண்டை கட்டினால்தான் அவருக்கு அது நல்ல நாள்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். இனி சந்தைப் பக்கம் போகக் கூடாது, கத்தக் கூடாது, பதறக் கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். யாரிடம் சொன்னால் நடக்கும் என்று தெரிந்த டாக்டர். கடையை அவருடைய தம்பி மகனுக்கு விட்டுக்கொடுத்தோம். நாகர்கோவிலில் பேங்க் வேலை பார்க்கும் எங்கள் மகள், கைக்கு வந்த பணத்தில் பாதியை டெபாசிட்டில் போட்டாள். மீதிக்கு ஒரு மின்சாரக் கம்பெனியின் பங்கை வாங்கச் சொன்னாள்.

"ஆடாது, அசையாதுப்பா. வருஷா வருஷம் டிவிடெண்ட் வரும். வாங்கிப் போட்டுட்டு மறந்துருங்க" என்று அவர் போனில் அதற்கான ஆப் ஒன்றையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறப்பதாவது! பங்குச்சந்தை ஒன்பதேகாலுக்குத் திறக்கும். மனுஷன் ஒன்பதுக்கே சட்டை மாட்டி, நெஞ்சுத் தழும்பு தெரியாமல் மேல்பட்டன் வரை போட்டுக்கொண்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். ஏறி இறங்குகிற எண் என்றால் எனக்கும் கண் போகும். அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்ப்பேன். திறந்ததும் அந்தப் பங்கு ஒரு ரூபாய் ஏறும், உடனே வெட்கப்பட்டு முக்கால் ரூபாய் இறங்கிவிடும். பதினோரு மணிக்கெல்லாம் உறக்கம். பத்துப் பைசா மேலே, பதினைந்து பைசா கீழே, அவ்வளவுதான். இரண்டு மணிவாக்கில் லேசாகப் புரண்டு படுக்கும். மூன்றரைக்குச் சந்தை மூடும்போது, காலையில் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

"ஏட்டி, இது என்ன விலை? ஐசியூவுல கிடக்க மாதிரில்லா கிடக்கு" என்பார். ஐசியூவில் கிடந்து வந்தவர் அப்படிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

கோடை முற்றினால் ஊரெல்லாம் ஏசி போடும், விலை ஏறும் என்று காத்திருந்தார். ஏறவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று காற்றாலைகளைச் சுழற்றி அடித்த நாட்களிலும் ஏறவில்லை. "நம்ம ஊரு காத்துக்குப் பம்பாய்ல என்ன மரியாத இருக்கு?" என்று கேட்டேன். முறைத்தார். உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்த மந்தம்தான் வேண்டியிருந்தது. வீட்டில் வாங்கி வைத்திருந்த மெஷினில் அவருடைய பிரஷர் ஆடிய ஆட்டத்தில் பாதிகூட அந்தப் பங்கு ஆடவில்லை.

டிவிடெண்ட் வரவேண்டிய மாதம் வந்தது, பணம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அவர் போனை வாங்கிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. தினமும் சந்தை மூடுமுன் மொத்தப் பங்கையும் விற்றிருக்கிறார். மறுநாள் காலையில் அதே பங்கைத் திரும்ப வாங்கியிருக்கிறார். தரகும் வரியுமாகப் பணம் தினம் கொஞ்சம் கொஞ்சம் கரைந்திருந்தது. டிவிடெண்ட் யார் யாருக்கு என்று கம்பெனி பேர் எடுத்த அன்றைக்கு இவர் கையில் ஒரு பங்குகூட இல்லை.

"ஏன்ப்பா தினமும் விக்கிய?"

"பின்ன, ராத்திரி வச்சிருக்கவா சொல்லுகே? சரக்க வச்சிட்டு நான் எப்பமாவது கடை அடச்சிருக்கேனா மக்கா?"

"இது பூ இல்லப்பா. வாடாது."

"வாடாதுன்னு நீ சொல்லுகே. காலைல எந்திரிச்சுப் பாக்கப் போறவன் நான்லா?"

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்காகச் சரி சரி என்றார். மறுநாள் மூன்று மணி தாண்டியதும் கை தானாகப் போனுக்குப் போய்விட்டது. ஒரு நாள் நான் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் வைத்தேன். முகமெல்லாம் வியர்த்து, முன்னறைக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பணம் கரைந்தால் கரையட்டும், ஆள் இருந்தால் போதும் என்று இருந்தது.

அவரைக் குறை சொல்கிறேனே தவிர, எனக்கும் ஒரு பழக்கம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள் முதல், அவர் உறங்கியபிறகு மூக்கருகே விரலை வைத்துப் பார்க்காமல் எனக்குக் கண் மூடாது. மூச்சு விரலில் பட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து பயம். இதை நான் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

அப்படி இருக்கையில் ஒரு நாள் சந்தை விழுந்தது. எந்த நாட்டில் என்ன சண்டையோ, டிவியில் எல்லாம் சிவப்பாக ஓடியது. நான் உள்ளித் தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து "எம்மாடி!" என்று ஒரு சத்தம். அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியாது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையோடு ஓடினேன்.

மனுஷன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் மின்னியது. "ஏட்டி, இப்பம்லா சந்தை! நம்ம உறங்குமூஞ்சிகூட ஓடுகத பாரு!" என்றார். வாங்கிய விலையிலிருந்து எங்கேயோ கீழே போய்க்கொண்டிருந்தது எங்கள் பங்கு. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்படவா பயப்படவா என்று தெரியாமல் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மூன்று மணி தாண்டியது. கட்டைவிரல் வழக்கமான இடத்துக்குப் போய் நின்றது, அழுத்தவில்லை.

"தினமும் விக்கியள்லா, இன்னைக்கும் வித்துத் தொலைங்களேன். மனசாவது அடங்கும்" என்றேன்.

அவர் போனைப் பார்த்தபடியே பேசினார். "விழுந்த அன்னைக்கு விக்காம இருக்க எனக்கு ஒரு நாளும் குடுத்து வச்சதில்ல, கேட்டியா. சென்ட் கம்பெனிக்காரன் கேட்ட விலைக்குக் கொட்டிக் குடுப்பேன். மிச்சத்தச் சானல் வாய்க்காக் கரையில தட்டிட்டு வருவேன். நல்ல பூவா இருக்கும். கண்ணுல தண்ணி வந்துரும். என்ன செய்ய? விக்காட்டி மறுநாள் குப்ப." போனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இது குப்ப ஆகாதுல்லா?"

"ஆகாது."

"நிச்சயமா?"

"நாளைக்கு இன்னும் குறையலாம். ஆனா குப்ப ஆகாது. வீட்டுக்கு வீடு லைட்டு எரியத்தானே செய்யுது" என்றேன். டீச்சர் குரலில் சொன்னேனே தவிர, மாத்திரையை இன்னும் கீழே வைக்கவில்லை.

மூன்றரை ஆனது. போனைக் கவிழ்த்து வைத்தார். "செரி. இன்னைக்கு ராத்திரி தங்கட்டும்" என்றார்.

முகத்தை உற்றுப் பார்த்தேன். வியர்வை இல்லை. சாவகாசமாக மேல்பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டு டீ கேட்டார். நான் அடுப்படிக்குத் திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏட்டி, நீயும் இன்னைக்கு என் மூக்குல வெரல வைக்காம உறங்கு. உன் வெரல்ல படணுமேன்னு தினமும் மூச்சப் பலமா விட்டுக்கிட்டுல்லா கிடக்கேன். தொண்ட காஞ்சு போகுது."

அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். டீயில் சர்க்கரை போட்டேனா என்று நினைவில்லை, அவர் டம்ளரைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு முன்பே நான் உறங்கிப்போனேன்.