மார்கழி மூட்டத்தில் ஊட்டமலைப் பரிசல்

ஊட்டமலையில் பரிசல் போடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தும், பெல்லமி துரைக்குப் பச்சியப்பன்தான் வேண்டும். துரை மொரப்பூரில் ரயில் பாதை இன்ஜினியர். மீன் பைத்தியம். கார்த்திகை மழை விட்டு, காவிரியின் செந்தண்ணீர் வடிந்து, ஆள் ஆழத்தில் கிடக்கும் கல் மேலிருந்து தெரிகிற அளவுக்கு ஆறு பச்சை கட்டியதும், பச்சியப்பன் பென்னாகரம் தபாலாபீசுக்கு நடந்துபோய் குமாஸ்தாவைக் கெஞ்சி ஒரு கார்டு எழுதிப் போடுவான். "தண்ணி தெளிஞ்சிருச்சு, வரலாம்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. அடுத்த சனிக்கிழமையே துரை தூண்டில் பெட்டியோடும் சமையல்காரன் சவுரியப்பனோடும் வந்து இறங்குவார்.

துரை புழு குத்திப் போடுகிறவர் இல்லை. காட்டுச் சேவலின் கழுத்து இறகைக் கொக்கியில் நூலால் சுற்றிச் சுற்றிப் பொய்ப்பூச்சி செய்வார். இறகைத் தின்னுகிற மீன் உண்டா என்று ஊரே சிரித்தது. முதல் வருஷத்திலேயே முப்பது ராத்தல் கெண்டை ஒன்று அந்த இறகைக் கவ்விக்கொண்டு வந்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். குளிர்காலத்து மீன் சோம்பேறி. மேலே வராது, மடுவின் அடியிலேயே கிடக்கும். இறகை நன்றாக அமிழவிட்டு மெதுவாக இழுக்க வேண்டும், வெயில் தண்ணீரில் விழுந்து ஒரு நாழிகை கழித்துத்தான் அதற்குப் பசியே எடுக்கும். இதெல்லாம் பச்சியப்பன் சொல்லித்தான் துரைக்குத் தெரியும். அவன் பேசும்போது துரை கண்ணெடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அவன் மேல் அத்தனை பிரியம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

குளிர்காலத்து மூன்று மாதக் கூலிதான் பச்சியப்பன் வீட்டில் மற்ற ஒன்பது மாதத்துக்கும் கேழ்வரகு. அது நின்றால் அடுப்பு நின்றுவிடும். அதனால்தான் அவன் பயந்தான். ஆற்றுக்குப் பயந்தவன் இல்லை; தன் காது விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்றுதான் இரண்டு வருஷமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தான்.

விஷயம் இதுதான். துரை மீன் பிடிக்கும் மடுவுக்கு அரை மைல் கீழே ஒகேனக்கல் அருவி. மார்கழியில் பொழுது கிளம்பும் நேரத்தில் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பி ஆற்றையே மூடிவிடும். கை நீட்டினால் விரல் தெரியாது. அப்போது பரிசல்காரனுக்குக் கண் காதுதான். அருவிச் சத்தம் இந்தப் பக்கம் கேட்டால் கரை அந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டே துடுப்பு வலிப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் பச்சியப்பனின் இடது காது அடியோடு போய்விட்டது. வலது காதிலும் பாதிதான் மிச்சம். ஒற்றைக் காதுக்காரனுக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. அவனுக்கு அருவி எல்லாப் பக்கமும் இருந்தது.

அதை அவன் பெண்டாட்டி தீர்த்தம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. மூட்டம் வருகிற மாதிரி இருந்தால் முன்கூட்டியே ஏதாவது சாக்குச் சொல்லிப் பரிசலைக் கரையோரம் கொண்டுவந்துவிடுவான். அப்படியே இரண்டு குளிர்காலம் ஒப்பேற்றினான்.

முப்பத்தெட்டாம் வருஷத்து மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மடு அசையாமல் கிடந்தது. துரை இறகை வீசினார், இழுத்தார், மறுபடி வீசினார். முதல் மீன் இறகைத் தொட்டுவிட்டுப் போனது. துரை சிறுபிள்ளைபோலக் குதித்ததில் பரிசல் ஆடிற்று. பச்சியப்பனும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தினால் கரை இல்லை. எதிர்க்கரை மைசூர்க் காடும் இல்லை. மேலும் கீழும் ஒரே வெள்ளை.

பரவாயில்லை, நகராமல் இருப்போம் என்று நினைத்தான். பரிசலை நிறுத்திவைக்கிற கல் கட்டிய கயிறு கரையில் கிடந்தது. கல்லைப் போட்டால் மீன் கலையும் என்று துரை அதைப் பரிசலில் ஏற்ற விடுவதில்லை. பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. வட்டமாக மெல்லச் சுற்றிக்கொண்டே போகும். தண்ணீரோடு சேர்ந்து போகிறவனுக்குப் போவதே தெரியாது. வலது காதில் அருவியின் உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அது கூடினமாதிரி இருந்தது. தலையை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான். எப்படித் திருப்பினாலும் அருவி ஒரே இடத்தில்தான் இருந்தது, அவன் மண்டைக்குள்.

கை துடுப்பைப் பிடித்திருந்தது, ஆனால் வலிக்கவில்லை. எந்தப் பக்கம் வலிப்பது? ஒரு வலி தப்பாகப் போட்டால் அருவிக்கு அத்தனை தூரம் கிட்டே. போன வருஷம் அருவியில் விழுந்த எருமையைக் கீழே பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது. எருமை என்று சொல்ல அதில் கொம்பு மட்டும்தான் இருந்தது. "ஆத்தா, காவேரியாத்தா, என்னைய விடு, அந்த மனுசன் என்னா பண்ணாரு" என்று முணுமுணுத்தான். துரை நிம்மதியாக இறகை வீசிக்கொண்டிருந்தார்.

இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்று ஆகிவிட்டது. கூலி போனால் போகட்டும், உயிர் இருந்தால் கல் உடைத்தாவது பிழைக்கலாம். துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கத்தினான்.

"தொரைங்களே! எனக்குக் காது கேக்கலைங்க! இடது காது செத்துப்போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க! அருவி எந்தப் பக்கம் கேக்குது, நீங்களே பாத்துச் சொல்லுங்க!"

முதுகைக் காட்டி நின்ற துரை திரும்பவே இல்லை. இன்னொரு முறை கத்தினான். திரும்பவில்லை. பக்கத்தில் ஊர்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். துரை திரும்பி, வழக்கம்போல அவன் வாயைப் பார்த்தார். அவன் அழுதுகொண்டே மறுபடி எல்லாவற்றையும் சொன்னான், காதைத் தொட்டுக் காட்டினான், கையை விரித்தான்.

துரையின் முகம் வெளுத்தது. தூண்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு தன் இரண்டு காதையும் இரண்டு விரலால் தொட்டுக் காட்டி, கையை விரித்தார்.

"சண்டை," என்றார். "பீரங்கி. பதினெட்டாம் வருஷம். எனக்கும் இல்லை, பச்சப்பன். ஒன்றும் இல்லை."

இத்தனை வருஷமும் அவன் முகத்தைப் பார்த்தது பிரியத்தால் அல்ல, உதட்டைப் படிக்க! பச்சியப்பனுக்கு அந்த நேரத்திலும் ஒரு கோபம் வந்தது. அவன் காதை நம்பி அவர் வந்திருக்கிறார், அவர் காதை நம்பி அவன் வாயைத் திறந்திருக்கிறான். அருவிக்கு மேலே, மூட்டத்துக்குள்ளே, இரண்டு செவிடர்கள். கோபம் போன இடத்தில் பயம் மறுபடி வந்து உட்கார்ந்தது.

துரை பெட்டியைத் திறந்து, இறகுக் கொக்கியை அறுத்து எறிந்துவிட்டு, மூன்று முள் வைத்த பெரிய கொக்கியையும் ஒரு ஈயக் குண்டையும் தடித்த நூலில் முடிந்து தண்ணீரில் விட்டார். குண்டு அடியைத் தொட்டது. நூல் இழுபட்டது, தாவியது, மறுபடி இழுபட்டது. அப்புறம் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. சிக்கியதும் தூண்டில் சக்கரத்திலிருந்து நூல் விடுவிடுவென்று ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் பரிசல் எத்தனை வேகமாகப் போகிறது என்று இருவரும் பார்த்தார்கள்.

துரை நூல் போகிற பக்கம் கையை நீட்டினார். கொக்கி நிற்கிறது, நாம் போகிறோம். அப்படியானால் கொக்கி இருக்கிற பக்கம்தான் ஆற்றின் மேல்பக்கம், வந்த வழி. பச்சியப்பன் மனசுக்குள் வந்த வழி என்று வைத்திருந்தது நேர் எதிர்ப்பக்கம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் தைரியம் வந்து அந்தப் பக்கம்தான் வலித்திருப்பான்.

நூலைப் பார்த்துக்கொண்டே வலித்தான். துரை சுற்றிச் சுற்றி நூலை வாங்கினார். கொக்கிக்கு மேலே வந்ததும் நூல் தொய்ந்தது. கையை ஓய்த்தால் உடனே விறைத்தது. விறைத்தால் வலி, தொய்ந்தால் நிறுத்து. வேறு ஒன்றும் இல்லை. நூல் அறுந்தாலோ கொக்கி விட்டுக்கொண்டாலோ கதை முடிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. குளிரில் வேர்த்தது. அவன் பயந்து பயந்து வலித்தான், பயம்தான் அவனை வலிக்க வைத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் உச்சிக்குப் பாதி வழி வந்த பிறகுதான் வெள்ளை கிழிந்தது.

கிழிந்ததும் பார்த்தார்கள். ஒரு கல்லெறி தூரத்தில் தண்ணீர் முடிந்திருந்தது. அதற்கு அப்பால் புகை மட்டும் எழும்பிக்கொண்டிருந்தது. துரை நூலைக் கத்தியால் அறுத்தார். பச்சியப்பன் கரையைப் பார்த்து ஒரே மூச்சாக வலித்தான். கரை தொடுகிற இடத்தில் துரை அவன் காதைத் தொட்டு, தன் காதையும் தொட்டு, உதட்டில் விரலை வைத்தார். அவன் தலையாட்டினான்.

கரையில் தீர்த்தம்மாள் நின்றிருந்தாள். முழங்கால் வரை சேறு, காலில் முள் கிழித்த ரத்தம். ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். வாய் அசைந்தது, அசைந்துகொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அருவியில் விழாமல் தப்பியவனுக்கு அங்கேதான் உயிர் போனது. மிச்சமிருந்த காதும் போய்விட்டது!

"யோவ் பச்சியப்பா!" என்று சவுரியப்பன் பின்னாலிருந்து வந்து தோளில் அடித்தான். அது கேட்டது. நன்றாகவே கேட்டது.

"அதுக்குக் கொரலு போயிருச்சுய்யா! மூட்டம் எறங்குன நிமிசத்துலருந்து கரையோட ஓடி ஓடிக் கத்துச்சு. கொரலு போறதுக்கு முன்ன அதுவே சொல்லிச்சு, உனக்குக் காது கேக்காதாமே, அதுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமாமே! தெனமும் வெறகு பொறுக்குற சாக்குல உன் பின்னாலயே கரையில நடக்குமாம். இன்னிக்கு என்னா கத்துக் கத்துச்சு தெரியுமா? உன் பேரச் சொல்லிக் கத்துச்சுய்யா! பச்சியப்பா, பச்சியப்பான்னு!"

தீர்த்தம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவள். ஜனன மரணக் கணக்கு எழுத வந்த மணியக்காரர் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரியைச் சொல்லச் சொன்னவள். அதை அவள் ஆறு முழுக்கக் கேட்கக் கத்தியிருக்கிறாள். கேட்க வேண்டியவன் ஒருவனுக்குத்தான் கேட்கவில்லை.

நாலு நாள் கழித்துக் குரல் வந்தது. வந்ததும் "இந்தாங்க, களி ஆறுது" என்றாள். அவன் வலது காதைக் காட்டினான்.

"ஏ புள்ள, அன்னிக்குக் கூப்ட்டியாமே. இந்தக் காதாண்ட ஒருக்கா சொல்லு."

"அய்ய, போங்க" என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

துரை அதன் பிறகும் நாலு குளிர்காலம் வந்தார், மூட்டம் விலகிய பிறகுதான் தண்ணீரில் இறங்குவார், பரிசலில் கல் கட்டிய கயிறு கிடக்கும். வாய் பார்த்துப் பேச்சைப் படிக்கிற வித்தையைப் பச்சியப்பன் அவரிடமே பழகிக்கொண்டான். நாற்பத்தைந்தாம் வருஷம் வலது காதும் அடைத்துப்போனது. அதற்குள் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டான், அவள் சொல்லவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு காலை, மறுகரைக்கு ஆள் ஏற்றப் பரிசலைத் தள்ளிக்கொண்டு பத்து வலி போயிருந்தான். என்னவோ தோன்றித் திரும்பினான். கரையில் தீர்த்தம்மாள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றாள். அவளைத் தாண்டி, ஆற்றின் மேல்பக்கத்தில், தண்ணீரிலிருந்து வெள்ளை எழும்பி வந்துகொண்டிருந்தது. அவள் கத்துகிறாள் என்று தெரிந்தது. அவன் அவள் உதட்டைப் பார்த்தான். ஒட்டிப் பிரிந்தது, திறந்தது, மறுபடி ஒட்டிப் பிரிந்தது. திரும்பத் திரும்ப அதே பெயர்.

அவனுக்குக் கண் மறைத்துவிட்டது. துடைத்துக்கொண்டு, பரிசலைத் திருப்பி, கரைக்கு வலித்தான்.