வெப்சைட்டில் எங்கள் முகவரி

தோல்பை தைக்கும் எங்கள் பட்டறைக்கு வெப்சைட் போட, ஊருக்கு அந்தப் பக்கம் ஐரோலியில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை அமர்த்தினேன். இடத்தைப் பார்க்காமல் எதையும் எழுத மாட்டேன் என்று நேரிலேயே வந்துவிட்டாள். தையல் மெஷின்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

"அட்ரஸ் சொல்லுங்கண்ணா."

"சயான்னு போடும்மா."

யோசிக்காமல் வந்த பதில் அது. பட்டறை இருப்பது தாராவியில்தான். ஆனால் தாராவி என்றால் வாங்க வருகிறவர்களின் முகம் மாறும். அதனால் அப்பா காலத்திலிருந்தே எங்கள் விசிட்டிங் கார்டில் பக்கத்து சயான்தான். எங்கள் தெருவில் பாதிப்பேர் அப்படித்தான்.

அவள் டைப் செய்யவில்லை. போனில் ஒரு வெப்சைட்டைத் திறந்து நீட்டினாள். பணக்காரர்கள் இருக்கும் பாந்த்ராவில் ஏசி போட்ட ஒரு பைக்கடை. எங்கள் பையைப் போலவே ஒரு பை. அதற்கு மேல் கொட்டை எழுத்தில் 'தாராவி கைவேலை'.

"அரே அண்ணா, அவங்க பாந்த்ராவுல உக்காந்துக்கிட்டு தாராவின்னு போடறாங்க. நீங்க ஏன் சயான்னு சொல்றீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடித் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது.

"இந்தத் தையலுக்கே தாராவின்னு பேரு போடுதான்னா, நமக்கு என்ன கேடு? தாராவின்னே போடும்மா."

"எந்த இடத்துலண்ணா?"

"உச்சியில."

இப்போது எங்கள் வெப்சைட்டைத் திறந்தால் முதலில் தெரிவது அந்தப் பெயர்தான். பட்டறையின் பெயர் அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில் இருக்கிறது.