தோசைமாவுக்குப் பக்கத்தில் தூங்கிய விதைகள்

இந்த வருஷக் கோடையில் மலைக்காடு எரிந்ததே, அதற்கடுத்த குளிர்காலம் பல்கலைக்கழகம் இருக்கும் கிளேட்டனில் எங்கள் வீட்டில் ஒரு மலேசியப் பிள்ளை வாடகைக்கு இருந்தாள். கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருப்பாள். எரிந்த மலையில் நடுவதற்கான மரவிதைகளை ஈரமணலில் கலந்து, எங்கள் பிரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். தேநீர் போடுமுன் அதைத்தான் திறந்து பார்ப்பாள். விசா முடிவதற்குள் முளைத்தால்தான் ஆராய்ச்சி முடியும்.

“உள்ள ஒரு ஹார்மோன் தூங்குன்னு சொல்லுது அங்கிள். குளிர் பட்டாதான் அது குறையும். அப்புறம் இன்னொண்ணு எழுப்பிவிடும்.”

“அந்த எழுப்புறதை வாங்கிப் போடன், பிள்ளை.”

“போடலாம். நெட்டையா வளர்ந்து சாஞ்சிரும். மலையில நிக்காது.”

விசா முடிந்து அவள் ஈப்போவுக்குத் திரும்பிய மறுவாரம் பிரிட்ஜுக்குள்ளேயே விதைகள் முளைத்துவிட்டன. அவளுடைய இந்த ஊர் எண் இப்போது வேலை செய்யவில்லை; அங்கே அவளைத் தெரிந்தவர்கள் அவளிடம் சொல்லிவிடுங்கள். இனி என்ன செய்வதென்றும் கேளுங்கள். மனைவி மீன் வைக்க இடம் கேட்கிறாள்.