நான்கு கடைச் சாமான், ஒரே வெட்டு

பேயின் பிடியைப் பல்லால் கடித்துத் துண்டாக்கியவன் நான். அதுவும் சொந்தப் பல்லால் இல்லை, பல்செட்டால். சிரிப்பவர்கள் இப்போதே வயிறு குலுங்கச் சிரித்துவிடுங்கள், பிறகு முடியாது. மிச்சமிருக்கும் பற்களின் மேல் சத்தியம், இது நடந்தது.

ஓய்வு பெற்றதும் எனக்கொரு பித்துப் பிடித்தது. பழைய உதிரிபாகங்களை வாங்கி, சொந்தக் கையால் ஒரு கம்ப்யூட்டரைப் பூட்ட வேண்டும். பழைய சாமான் வாங்குவதில் என்னை அடித்துக்கொள்ள உலகத்தில் ஆள் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கக் கூடாது என்பது என் கொள்கை. வாங்கினால் ஒரே ஆள் மொத்தமாகத் தலையில் மிளகாய் அரைத்துவிடுவான். ஆகவே எல்லாவற்றையும் உள்ளே பூட்டும் கண்ணாடிக் கதவு வைத்த கேபினட் பெட்டி ஒரு கடையில், பவர் சப்ளை ஒரு கடையில், மதர்போர்டு வேறொன்றில், கிராபிக்ஸ் கார்டு இன்னொன்றில். நான்கும் ஊரின் நான்கு மூலை.

ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் இருந்தது. பழைய சாமான், கீறல் இல்லாமலா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றே கால். பல்லைக் காட்டும் வெயில். சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பிப் பூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மைத்துனன். மின்சார ஆபீஸில் மீட்டர் சோதித்தே தலை நரைத்தவன், பட்டப்பெயரும் மீட்டர்தான். தன் கண்ணையே கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் நம்புவான்.

"மாமா, இது மட்டும் ஓடுச்சு, நான் மீசையை எடுத்துடறேன்."

"சவரக்கத்தியைத் தீட்டி வை மாப்ளே."

உள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "மேசையில ஒரு கோடு விழட்டும், ரெண்டு பேருக்கும் இன்னிக்குச் சாப்பாடு கிடையாது!"

கடைசி ஸ்க்ரூவை முறுக்கினேன். அப்போதுதான் கவனித்தேன்.

கேபினட் விளிம்பில் தொடங்கிய கீறல் கிராபிக்ஸ் கார்டில் தொடர்ந்து, மதர்போர்டைத் தாண்டி, பவர் சப்ளையில் போய் முடிந்தது. ஒரே கோடு. ஓங்கி வெட்டியதுபோல...

நான்கு கடைச் சாமான். ஒரே வெட்டு.

"மாமா, உள்ள ஏதோ காஞ்சு போயிருக்கு. துருவா?" மீட்டர் கேபினட்டுக்குள் தலையை நுழைத்தான்.

விர்ர்ர்ர்...

ஃபேன் சுற்றியது.

கரண்ட் கொடுக்கும் கேபிளை நான் இன்னும் வாங்கவே இல்லை. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நூல்கூடக் கிடையாது.

"பேட்டரி ஏதும் வெச்சீங்களா?"

"இல்லடா..."

விர்ர்ர்ர்ர்ர்! ஆயிரம் குளவி ஒன்றாகக் கிளம்பியதுபோல் இரைச்சல். நிறுத்துவதற்காக அவன் விரலை நீட்டினான். சதக்! ரத்தம் என் மூக்குக்கண்ணாடியில் தெறித்தது. ஒரு குடம் இருக்கும்.

எங்கிருந்தோ ஒரு கறுப்பு ஒயர். அவன் கழுத்தில். ஒரு சுற்று. இரண்டு சுற்று. இறுகியது.

அவன் நெற்றி இரும்பு விளிம்பில் மோதியது. டங். மறுபடி... டங். கண் பிதுங்கியது. நாக்கு வெளியே வந்தது. செத்துவிடுவான்.

விலக்கக் கையை நீட்ட நினைத்தேன். கை வரவில்லை. தோளுக்குக் கீழே இரண்டும் மரத்துப்போய்... இருக்கிறதா என்றே தெரியவில்லை.

வாய் மட்டும் என்னுடையதாக இருந்தது.

குனிந்தேன். கடித்தேன்.

ரப்பர். செம்பு. ரத்தம்.

கடித்தேன்...

பட்!

ஃபேன் நின்றது.

மீட்டருக்கு நெற்றியிலும் விரலிலும் தையல். கழுத்தில் கட்டு. தரையெல்லாம் துழாவியும் ஒயர் அகப்படவில்லை. என் பல்செட்டில் இரண்டு பல் காலி. என் உள்ளங்கைகளில் கறுப்பாகக் கைக்கொரு கோடு. வேலை செய்த கை, இருக்காதா?

பேச்சு வந்ததும் மீட்டர் செய்த முதல் காரியம், மறுத்ததுதான். "சட்டைக் காலர் ஃபேன்ல மாட்டிக்கிச்சு. பேயாவது பிசாசாவது! அக்காகிட்ட கண்டதையும் உளறாதீங்க." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

விடுவேனா? பெட்டியையும் அவனையும் இழுத்துக்கொண்டு கேபினட் வாங்கிய கடைக்குப் போனேன். கடைக்காரர் பெட்டியைத் தொடவே இல்லை.

"சார்... நாலு கடைக்கும் இந்தச் சாமானை வித்தது ஒரே ஆள். ரெண்டு பேர் கூட்டா சர்வீஸ் கடை வெச்சிருந்தாங்க. ஒருத்தன் பெட்டிக்குள்ள தலையை விட்டு வேலை பாக்கும்போது, கூட்டாளி பின்னாலேருந்து வெட்டியிருக்கான். அதுல உயிர் போகலை. ஒயரைப் போட்டு இறுக்கி முடிச்சிருக்கான். அப்புறம் பெட்டியைப் பிரிச்சு, கடை கடையா வித்துட்டான். நேத்துதான் போலீஸ் வந்து விசாரிச்சுது."

"அந்த ஒயர்?"

"பொணத்தோட கழுத்துலயே இருந்துச்சாம். ஸ்டேஷன் பீரோவுல பூட்டி வெச்சிருக்காங்க."

வெளியே வந்ததும் வெற்றிச் சிரிப்போடு மீட்டரைப் பார்த்தேன். "இப்பவாவது ஒத்துக்கடா!"

அவன் கழுத்துக் கட்டைத் தடவிக்கொண்டான். என் கைக்கு எட்டாத தூரத்தில் போய் நின்றான்.

"நடந்துச்சு மாமா. அக்கா பயந்துடுவான்னுதான் சொல்லலை. கேபினட் கண்ணாடியில நான் பாத்தேன். ஒயரோட ரெண்டு முனையையும் இழுத்துப் பிடிச்சிருந்தது... உங்க கை."