மேசையில் ஒரு புட்டிதான்

அலமாரியின் முன்னால் வந்து நின்றதும் ஆர்லின் ஸ்கார் முதலில் தொப்பியைக் கழற்றுவார். மரியாதைக்காக அல்ல, தொப்பியின் முன்விளிம்பு மேல்தட்டை மறைக்கிறதாம். வெடிமருந்துப் புட்டிகள் வரிசையாக நின்ற அந்தத் தட்டில் இப்போது பெரும்பாலும் தூசிதான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் வியாழக்கிழமை சரக்கு லாரி வந்து போனதும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவார். "என்ன தம்பி, வரலையா?" என்பார். வரவில்லை என்பேன். "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருக்கு மட்டும் நான் இன்னும் தம்பி.

மொன்டானாவின் வடகோடியில், கனடா எல்லைக்கு இந்தப் பக்கம், இரும்புச் சாமான், மாட்டுத் தீவனம், வேட்டைப் பொருள் எல்லாம் விற்கிற கடையில் நான் நிற்கிறேன். மற்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ஊறுகாய் போடுவதுபோல எங்கள் ஊரில் தோட்டா போடுவார்கள். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, துடைத்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப்பு வைத்து, மருந்தை நிறுத்துக் கொட்டி, மேலே குண்டைப் பொருத்தினால் தோட்டா மறுபடியும் தயார். ஆகவே மருந்துத் தட்டு காலியானால் ஊரே என்னைத்தான் முறைக்கும். நானென்னவோ கொல்லைப்புறத்தில் பதுக்கி வைத்திருக்கிறேன் என்று நினைப்பு.

ஆர்லினுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருடத்துக்கு மேல் ரயிலடித் தானியக் கிடங்கில் கோதுமை லாரிகளுக்கு எடை போட்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "யாரும் கேக்கல" என்பார். தண்டவாளத்துக்கு அப்பால் இரண்டே அறை உள்ள வீடு, பின்னால் ஒரு கொட்டகை. எந்த மருந்துப் புட்டியைத் திறந்தாலும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பழசாகிக் கெட்ட மருந்தில் புளித்த வாடை அடிக்கும். அதை நெருப்பிலும் போடாமல், குப்பையிலும் போடாமல், தக்காளிப் பாத்தியில் கொஞ்சங்கொஞ்சமாகத் தூவிவிடுவார். ஊரிலேயே பெரிய தக்காளி அவருடையது. ஒண்டிக்கட்டைக்கு அவ்வளவு தக்காளி எதற்கு? பையில் போட்டுக் கொண்டுவந்து என் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யார் வைத்தது என்று தெரியாதவர்போல ஆணி வரிசைப் பக்கம் போய்விடுவார்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, இந்த மருந்துப் பஞ்சகாலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் இலுப்பைப்பூ தேடுகிறவர்கள்தான். வழக்கமான மருந்து கிடைக்கவில்லையா, அதற்கு அண்ணன் தம்பி முறை ஆகிற மருந்து எது என்று கடையில் நின்று வாதாடுவார்கள். இது கொஞ்சம் வேகமாக எரியும், அது கொஞ்சம் நிதானம், அளவை ஒரு சிட்டிகை குறைத்தால் சரியாகிவிடும் என்று ஆளுக்கொரு வைத்தியம். ஆர்லின் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பொறுக்கமுடியாமல் போனால் மட்டும் வாயைத் திறப்பார்.

"பக்கத்து வீட்டுக்காரனும் நீயும் ஒரே உசரம். அதுக்காக அவன் பொண்டாட்டி உன்ன உள்ள விடுவாளா?"

சிரிப்பு அடங்கியதும் சொல்லவேண்டியதைச் சொல்வார். மருந்து மாறினால் பழைய அளவை மறந்துவிட வேண்டும். புது மருந்துக்கு அளவுப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதில் ஆகக் கீழே இருக்கிற அளவில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்துத்தான் மேலே ஏற வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததைச் செய்யத்தான் ஒருவருக்கும் பொறுமை இல்லை. ஆர்லினிடம் பொறுமை மூட்டை மூட்டையாக இருந்தது. வேறு என்ன இருந்தது அவரிடம்?

கொட்டகையில் அவருக்கென்று சட்டங்கள் உண்டு. மேசையில் எப்போதும் ஒரு புட்டிதான் இருக்கும். மற்றவை பூட்டிய பெட்டியில். வேலை முடிந்ததும் மருந்தை அளந்து கொட்டும் அளவைக் குழாயில் மிச்சமிருக்கும் மருந்தை அதே புட்டியில் கொட்டி மூடுவார். மருந்துகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலச் சாம்பல் குருணைதான். ஒன்றோடொன்று கலந்துவிட்டால் கடவுளாலும் பிரிக்க முடியாது. வேலை நடக்கும்போது ரேடியோவும் கிடையாது, பேச்சும் கிடையாது. தொலைபேசியைப் பற்றிச் சட்டம் எதுவும் போடவில்லை. அது அடித்தால்தானே.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சட்டம் உண்டு. அது ஊருக்கே பொது. அடுத்தவன் பல்துலக்கியையும் அடுத்தவன் போட்ட தோட்டாவையும் தொடாதே. அண்ணன் போட்டதைத் தம்பி சுடமாட்டான். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெடிக்கிற சமாசாரம், அதில் இன்னொருவன் கையை நம்புவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆர்லின் போட்ட தோட்டாவையும் ஆர்லினைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் சுடுவாள். அவள் வெர்னா கெஸல்.

வெர்னாவின் புருஷன் டெல்மர் மாரடைப்பில் போய் ஆறு வருடம் ஆகிறது. அவன் விட்டுப்போன ரைபிள் பழைய ரகம், அதற்குக் கடைத்தோட்டா வருவது எப்போதோ நின்றுபோயிற்று. டெல்மர் தானே போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் புதைத்த வருடம் வெர்னா ஒரு பை நிறைய வெற்றுக் கூடுகளை ஆர்லினிடம் கொண்டுவந்து கொடுத்து, போட்டுத் தருவாயா என்று கேட்டாள். அவ்வளவுதான். அதிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒரு பெட்டி தோட்டா போகும், இரண்டு ஜாடி காட்டுச்செர்ரிப் பாகு வரும். அவள் அடிக்கிற மான்தான் அவளுக்குக் குளிர்காலக் கறி. ஆர்லினுக்கு அந்தப் பெட்டி என்னவாக இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. பஞ்சம் வந்ததும் வழக்கமான பழைய மருந்தின் கடைசிப் புட்டியைத் தான் தொடாமல் அவள் ரைபிளுக்கென்று ஒதுக்கிவிட்டு, தன் துப்பாக்கிக்கு மாற்று மருந்தை வைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் லுத்தரன் கோவிலின் மீன் விருந்துக்கு ஆர்லின் வந்தார். சோடாக்காரத்தில் ஊறி வழுவழுத்துப்போன அந்த மீனை எங்கள் ஆட்கள் பக்தியால் தின்கிறார்களா பழக்கத்தால் தின்கிறார்களா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆர்லின் அதற்கெல்லாம் வருகிறவர் அல்ல. அன்றைக்குத் தலையை ஈரம் பண்ணிப் படிய வாரி, சட்டையின் மேல்பொத்தான்வரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெர்னா தன் பக்கத்து நாற்காலியில் கையுறையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். ரொட்டி வந்த பையில் சுற்றிய தோட்டாப் பெட்டியை அவர் அவளிடம் கொடுத்ததைப் பார்த்தேன். அவர் மீனை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துபோயிற்று.

மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆர்லின் கடைக்கு வந்தார். லாரி நாள் இல்லை. தொப்பியைக் கழற்றவில்லை, அலமாரிப் பக்கம் போகவும் இல்லை. நேராக என்னிடம் வந்து, "தம்பி, வெர்னா வீடு வரைக்கும் என்கூட வா" என்றார். ஏன் என்று கேட்டேன். "தனியாப் போனா பாதி வழில திரும்பிடுவேன்" என்றார். முகம் வெளுத்துக் கிடந்தது. கடையைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு ஏறினேன்.

வண்டியில் போகும்போது துண்டு துண்டாகச் சொன்னார். அன்று காலை பழைய மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறார். வெர்னாவுக்கு ஒரு பெட்டி போட்ட பிறகு குறைந்திருக்க வேண்டிய புட்டி கூடியிருந்தது. மாற்று மருந்துப் புட்டியை எடுத்துப் பார்த்தால் அது அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. வெர்னாவுக்குப் போட்ட அன்று, இரண்டின் குருணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று இரண்டு புட்டியையும் மேசையில் வைத்திருக்கிறார். ஆயுளில் முதல் தடவை. முதலில் தன் துப்பாக்கிக்கு மாற்று மருந்தைப் போட்டு முடித்து, குழாயில் மிச்சமிருந்ததைத் திருப்பிக் கொட்டுகிற நேரத்தில் அதைப் பழைய புட்டியில் கொட்டிவிட்டார். அந்தப் புட்டியிலிருந்துதான் வெர்னாவின் பெட்டியை நிரப்பினார். மாற்று மருந்து இன்னும் வேகமாக எரிவது. அவளுடைய ரைபிளோ கிழடு, அந்த அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறலாம்.

"எப்படிங்க, நீங்க போய்?" என்று கேட்டேன்.

"போன் வந்துச்சு" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "வெர்னாதான். விருந்துக்கு வர்றியா, பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கட்டுமான்னு கேட்டா. போன வச்சிட்டுக் கொட்டகைக்குத் திரும்பி வந்தது ஞாபகமிருக்கு. அதுக்கப்புறம் கை என்ன செஞ்சுதுன்னு ஞாபகமில்ல."

காலையிலிருந்து பலமுறை அவள் எண்ணுக்கு அடித்தாராம், மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். சாலை இரண்டு பக்கமும் அறுத்த கோதுமைக் கட்டை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை. அவளிடம் போய் உண்மையைச் சொன்னால், அவர் கையை நம்பிய ஒரே ஆளும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் நாளைக் காலை அவள் அந்தத் தோட்டாவைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுவாள். இதில் யோசிக்க ஒன்றுமில்லைதான். ஆனாலும் வண்டியின் வேகம் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்தேன்.

வெர்னா களஞ்சியத்துப் பக்கம் வேலியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தாள். காலை முழுக்க வெளியில்தான் இருந்திருக்கிறாள். எங்களைப் பார்த்ததும் காப்பி போடவா என்று கேட்டாள். ஆர்லின் வேண்டாமென்று தலையாட்டினார்.

"வெர்னா, நான் குடுத்த தோட்டாவ எடுத்துட்டு வா. சுடாத அத."

"என்னாச்சு?"

"மருந்து கலந்துடுச்சு. தப்பு என்னுதுதான்."

வெர்னா வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தாள். ஆர்லின் மூடியைத் திறந்தார். ஒரு மூலையில் சில குழிகள் காலி.

"சுட்டியா?"

"குறி சரியா இருக்கான்னு பாத்தேன். புதன்கிழமை."

"போல்ட்டு திறந்துச்சா?" மருந்தின் அழுத்தம் மிஞ்சினால் கூடு உள்ளே இறுகி, ரைபிளின் பின்பூட்டான போல்ட்டு திறக்காது.

வெர்னா மாடுகள் நிற்கிற பக்கம் பார்த்தாள். "கையால திறக்க வரல. விறகுக்கட்டையால தட்டித் திறந்தேன்."

"ஒவ்வொண்ணுக்குமா?"

"ஆமா. எனக்கும் புரிஞ்சுது, ஏதோ சரியில்லன்னு. டெல்மர்கூட அத்தன வருஷம் இருந்திருக்கேன், அதுகூடத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" ஆர்லினின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "நாளைக்கும் அதத்தானே சுட்டிருப்ப?"

"சொன்னா என்ன செய்வ? உன்ன எனக்குத் தெரியும். தோட்டா போடுற சாமான் எல்லாத்தையும் கழட்டிப் பெட்டில போட்டுப் பூட்டிட்டு, இனிமே யாருக்கும் போடமாட்டேன்னு உக்காந்துடுவ." அவள் கம்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "அப்புறம் இந்த வாசலுக்கு வர்றதுக்கு உனக்கு வேற என்ன வேல இருக்கு, ஆர்லின்?"

மாடு ஒன்று கத்தியது. நான் வண்டிப் பக்கம் போய்விடலாமா என்று பார்த்தேன்.

ஆர்லின் பெட்டியை வேலிக்கம்பத்தின்மேல் வைத்தார். யாரோடும் கைகூடக் குலுக்காத மனிதர். வெர்னாவின் கையிலிருந்து கம்பியை வாங்கிக் கீழே போட்டார். அவளுடைய வலது கையைப் பிடித்து, கையுறையின் ஒவ்வொரு விரல்நுனியாக இழுத்துக் கழற்றினார். உள்ளங்கையை மேலே திருப்பி, பெருவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். சுண்டுவிரலைப் பார்த்து முடித்ததும் அவள் கையை இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் இடது கையையும் நீட்டினாள். அவர் அந்தக் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார்.