பட்டுப்புடவைக்கு நடுவே ஒரு வைப்ரேட்டர்

எனக்கு வெட்கமே கிடையாது என்று எங்கள் தெருப் பெண்கள் சொல்லிக்கொள்வார்கள். உண்டு. அழுக்குப் போகாத துணியைக் கொடியில் போட்டால் வெட்கப்படுவேன். உடம்பைப் பற்றிப் பேச எதற்கு வெட்கம் என்றுதான் இந்த வயது வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் ஒட்டியிருக்கும் கன்னடப் பலகையைப் படிப்பேன். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். என் படிப்பு அவ்வளவுதான். எங்கள் மாடியில் குடியிருந்தவள் எம்.காம் படித்தவள். நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினாள். புருஷன் போய்ச் சில வருஷம் ஆகிறது. எங்களைப் போல ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் ஜனம் என்பதால்தான் வீடு கொடுத்தேன்.

தசரா முடிந்த பிறகு அவள் படுத்துக்கொண்டாள். அடிவயிற்றில் எரிச்சல், ஒன்றுக்குப் போனால் எரிச்சல், உட்கார முடியவில்லை. மருந்துக்கடையில் போய் நீர்க்கடுப்பு என்று சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினாள். கேட்கவில்லை. அடுத்த தெருவில் இருந்த அவள் அண்ணி, இது வேண்டுதல் பாக்கி என்று தானே முடிவு கட்டி, நஞ்சன்கூட்டுக்குக் கூட்டிப்போய் ஈரப்புடவையோடு கோயில் பிராகாரத்தில் உருள வைத்தாள். வலி இன்ன இடத்தில் என்று நாத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அந்தச் சாமியை நான் குறை சொல்ல மாட்டேன். உருண்டு வந்தவளுக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

நான் கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே போனேன். தசராவுக்குக் கட்டிய பட்டுப்புடவைகளை நிழலில் காயப்போட்டு மடித்து வைக்கிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அவள் போடவில்லை. பட்டு வீணாவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பீரோவைத் திறந்தேன். பூச்சி வராமல் இருக்கப் போடும் அந்துருண்டை வாசம் மூக்கில் ஏறியது. கீழ்ப்புடவையை உருவினால் கூடவே ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. ரோஸ் நிறம். பாதி உருகி, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுவென்று ஜரிகையில் அப்பியிருந்தது. வைப்ரேட்டர் என்று அதற்குப் பெயர். பெயரைச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடாது.

புடவைக்காக எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"ஏன் அம்மணி, இதையும் அந்துருண்டையையும் ஒண்ணாவா வெச்சிருந்த?"

போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "பெரியம்மா, அண்ணிகிட்டச் சொல்லிறாதீங்க."

"உன்ற அண்ணிகிட்டச் சொல்லி எனக்கென்ன ஆகோணும்? நீ டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"எப்படிங்க சொல்றது?"

"வாயாலதான்."

எம்.காம் படித்தவள் வாங்கிய லட்சணத்தையும் அன்றுதான் கேட்டேன். போனில் பார்த்ததிலேயே விலை குறைந்தது எதுவோ அதை வாங்கியிருக்கிறாள். எதனால் செய்தது என்று டப்பாவில் ஒரு எழுத்து இல்லை. பிரித்த அன்றே புதுச் செருப்பு வாடை அடித்ததாம். ஒவ்வொரு முறையும் டெட்டால் ஊற்றிக் கழுவினாளாம். சுத்தமாம். வேலைக்காரி பெருக்க வருவாள், அண்ணி சொல்லாமல் வருவாள் என்று, யாரும் கை வைக்காத பட்டுக்கு அடியில் சொருகியிருக்கிறாள். ஒரு தக்காளியை நாலு தரம் திருப்பிப் பார்த்து வாங்குகிற பெண் அவள்.

மறுநாள் அவளை ஆட்டோவில் ஏற்றி ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தச் சாமானைத் துணிக்கடைக் கவரில் சுற்றி அவள் மடியில் வைத்தேன். சொல்கிறாளோ இல்லையோ, அது அவள் பாடு. என் வாயை இரவல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் கன்னடத்தில் கேட்டார், இவள் நீர்க்கடுப்பு என்றாள். டாக்டர் அதே ஜாதி மாத்திரையை எழுத ஆரம்பித்தார். இவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். நான் இவளையே பார்த்தேன். பேனா பாதி தாளைத் தாண்டும்போது கவரைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் கவரைப் பிரித்து, முகர்ந்து, மூடினார். எதோடு வைத்திருந்தாய் என்று கேட்டார். அந்துருண்டை என்றாள். டெட்டாலையும் சொன்னாள். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். அந்துருண்டையும் டெட்டாலும் பட்டுத் தோல் வெந்திருக்கிறது, புண்ணில் சீழ் பிடித்திருக்கிறது, அதற்குத்தான் காய்ச்சல் என்று வேறு மருந்து எழுதினார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்றார். சிரிக்கவில்லை, திட்டவில்லை. இந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்குப் பயந்துதான் அத்தனை நாள் வெந்துகொண்டு கிடந்திருக்கிறாள்.

வெளியே வந்து செருப்பை மாட்டினவள் நின்றாள். "ஒரு நிமிஷம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுத் தானாகவே திரும்ப உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இன்னும் என்ன என்று டோக்கன் கொடுக்கிறவன் என்னை முறைத்தான். நானும் முறைத்தேன்.

திரும்புகிற ஆட்டோவில், டாக்டரிடம் தனியே கேட்டுவந்ததை அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. புண் முழுக்க ஆறுகிற வரைக்கும் எதுவும் கூடாது. அந்த ஜெல்லி மாதிரி மெத்தென்ற சாமானில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய, எவ்வளவு கழுவினாலும் அழுக்கு உள்ளேயே தங்கும். இனி வாங்கினால் நல்ல சிலிகோன்தான், எதனால் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும், வாடை வரக் கூடாது. உபயோகிப்பதற்கு முன்னும் பின்னும் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். நன்றாகக் காயவைத்துத் தனிப் பருத்திப் பையில் வைக்க வேண்டும். வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், தண்ணீரில் கரைகிற ஜெல் கடையிலேயே கிடைக்கும். இன்னொருத்தரோடு பங்கு போடக் கூடாது. வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆட்டோக்காரன் பாட்டை அணைத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தான்.

"ரோட்டப் பாருப்பா" என்றேன். அவள் விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.